பௌர்ணமிதோறும் மரபணு

டாக்டர் ஜம்புகுமாருக்கு அந்தச் செய்தி மருத்துவமனை கேன்டீனில் வைத்துத் தெரிந்தது. எலும்பு மருத்துவர் ராஜேந்திரன் மரபணுப் பரிசோதனைப் பயிற்சிக்குத் தேர்வாகிவிட்டாராம். சொன்னவர் ராஜேந்திரனேதான். சொல்லிவிட்டு வடையைச் சாம்பாருக்குள் அமுக்கினார். ஜம்புகுமார் எழுந்து கைகொடுத்து, ரொம்ப சந்தோஷம் என்றார். பிறகு தன் வடையைத் தொடாமலே போய்விட்டார்.

இருவரும் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். உடற்கூற்றியல் தேர்வுக்கு முன்பு ராஜேந்திரன், ஜம்புகுமாரிடம் பாடம் கேட்டுக்கொண்டு போய் எழுதி, அவரைவிட அதிக மதிப்பெண் வாங்கியவர். அது நடந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதைத் தாம் மறந்துவிட்டதாக ஜம்புகுமார் மனைவி சன்மதியிடம் அடிக்கடி சொல்லுவார்.

இப்போது இருவரும் திருவண்ணாமலையில் ஒரே அறக்கட்டளை மருத்துவமனையில் வேலை பார்த்தார்கள். ஜம்புகுமார் குழந்தை மருத்துவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வருகிற கூட்டத்தில் கால் பிசகியவர்கள் அத்தனை பேரும் ராஜேந்திரனிடம்தான் போனார்கள். மலையே அவர் பக்கம்தான் இருக்கிறது என்று ஜம்புகுமாருக்குச் சில சமயம் தோன்றும்.

இது இரண்டாயிரத்து நான்கில் நடந்தது. மனிதனின் மரபணுக்களை முழுவதும் படித்து முடித்துவிட்டார்கள் என்று முந்திய ஆண்டுதான் செய்தித்தாள்களில் வந்திருந்தது. உடனே தென்னக மரபணு மருத்துவப் பயிற்சி வாரியம் என்று ஒன்று உண்டாயிற்று. எந்த நோய்க்கு எந்தப் பரிசோதனை, அதை எப்படிக் கேட்பது, முடிவை எப்படிப் படிப்பது, குடும்பத்துக்கு எப்படிச் சொல்வது என்று சிறப்பு மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது அதன் நோக்கம். நோக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வாரியத்தின் இயக்குநர் டாக்டர் இராமலிங்கம் சென்னையில் இருந்தார். அவருக்குப் பௌர்ணமிதோறும் கிரிவலம் வருவதாக ஒரு வேண்டுதல். ஆகவே பயிற்சி திருவண்ணாமலையில், மாதம் ஒரு முறை, பௌர்ணமியை ஒட்டி நடக்கும் என்று முடிவாயிற்று. மரபணுவை அமைதியான சூழலில் அணுக வேண்டும் என்று சுற்றறிக்கையில் காரணம் சொல்லியிருந்தது. அந்த அமைதியான நாளில் ஊருக்குள் பஸ் நுழைய முடியாது.

தேர்வுக்கு வாரியம் ஒரே ஒரு தகுதியைத்தான் வைத்திருந்தது. பின்னால் வரப்போகும் மரபணு இயந்திரம் சூடு தாங்காது. ஆகவே ஏ.சி. அறை வைத்திருக்கும் மருத்துவரே மரபணு நிபுணராக முடியும். ராஜேந்திரனின் ஆபரேஷன் தியேட்டரில் ஏ.சி. இருந்தது. குழந்தைகள் பிரிவில் இரண்டு மின்விசிறிகள் இருந்தன. ஒன்று சுற்றும்.

பொறாமைப்பட ஜம்புகுமாருக்கு நியாயமான காரணமும் ஒன்று கிடைத்திருந்தது. அது அவருக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. கீழ்பென்னாத்தூரிலிருந்து கன்னியம்மாள் என்று ஒரு பெண் அவரிடம் வந்துகொண்டிருந்தாள். தாய்மாமனையே கட்டியவள். மூத்த பையன் இனியன் நாலு வயது வரைக்கும் நன்றாக ஓடினான். பிறகு விழ ஆரம்பித்தான். இப்போது ஒன்பது வயதில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் பஸ் ஏறினாள். முதுகுத்தண்டிலிருந்து தசைக்குப் போகும் நரம்புகள் கொஞ்சங்கொஞ்சமாகச் செத்துப்போகிற பரம்பரை நோய் என்று ஜம்புகுமார் கண்டுபிடித்திருந்தார். அதற்கு மருந்து இல்லை என்றும் சொல்லியிருந்தார். அவள் மருந்து கேட்கவில்லை. இளையவன் மாறனுக்கு இரண்டு வயது. வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தான். அவன் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எப்போது விழுவானோ என்று அவளுக்குப் பயம்.

"சின்னவனுக்கும் இது வந்துடுமா சார்? அத்த மட்டும் சொல்லுங்க," என்பாள். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி.

சாதாரண ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது. மரபணுவைப் பார்த்தால்தான் தெரியும். எங்கே அனுப்புவது, எப்படி அனுப்புவது என்று ஜம்புகுமாருக்குத் தெரியவில்லை. இதைத் தெரிந்துகொள்ளவேண்டியவர் தாம்தானே, எலும்புக்குப் பிளாஸ்டர் போடுகிறவருக்கு இது எதற்கு என்று அவர் சன்மதியிடம் நியாயம் கேட்டார். சன்மதி சாம்பாருக்குப் பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். கடைவதை நிறுத்தவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு இயக்குநர் வந்தபோது, செங்கம் சாலையில் ஆசிரமத்தை அடுத்த விருந்தினர் விடுதியில் ஜம்புகுமார் போய்ப் பார்த்தார். டாக்டர் இராமலிங்கம் கிரிவலம் முடித்த காலை வெந்நீர் வாளியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜம்புகுமார் கன்னியம்மாளைப் பற்றி விவரமாகச் சொன்னார். ராஜேந்திரனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதில் அவருக்கே ஒரு பெருமை இருந்தது.

"டாக்டர், மரபணுன்னா பரம்பரை," என்றார் இயக்குநர். "பரம்பரைன்னா பாட்டன், முப்பாட்டன். நீங்க பாக்கறது குழந்தைங்களை. குழந்தைங்ககிட்ட என்னங்க பரம்பரை இருக்கு?"

இயக்குநர் பதிலுக்குக் காத்திராமல், ஏ.சி. இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று ஜம்புகுமார் சொல்லிவிட்டார்.

இருந்தது அவருடைய படுக்கையறையில். மறுநாளே ஆள் வைத்துக் கழற்றிக் குழந்தைகள் பிரிவில் மாட்டினார். அக்கினி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். சுவரில் இருந்த ஓட்டையை அட்டையால் அடைத்துவிட்டு, சன்மதி கைவிசிறியோடு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இது அந்த அம்மா புள்ளைக்காகவா, ராஜேந்திரனுக்காகவாங்க?" என்று கேட்டாள்.

"புள்ளைக்காகத்தான்."

"அப்போ தூக்கத்துல ஏன் ராஜேந்திரன் பேரைச் சொல்றீங்க?"

அவர் அட்டை சரியாக நிற்கிறதா என்று போய்ப் பார்த்தார்.

இப்படியாக ஜம்புகுமாரும் பயிற்சிக்குத் தேர்வானார். விடுதியின் மாடி ஹாலில் வகுப்பு. காலையில் அங்கே வெளிநாட்டுக்காரர்கள் யோகா செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பாயைச் சுருட்டும் வரைக்கும் பல ஊர்களிலிருந்து வந்த மருத்துவர்கள் மாடிப்படியில் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள மரபணுவுக்கு அடையாளமாக முறுக்கின ஏணி போட்ட நீல வில்லை கொடுத்தார்கள். ராஜேந்திரனின் வில்லை மட்டும் பொன்னிற விளிம்போடு இருந்தது. முதல் பட்டியலில் வந்தவர்களுக்கு அப்படி என்று சொன்னார்கள். ஜம்புகுமார் தன் வில்லையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, வில்லை இல்லாதவர் யார் என்று கேட்டால் என்ன செய்வது என்று தோன்ற, எடுத்துக் குத்திக்கொண்டார்.

முதல் நாள் குத்துவிளக்கு ஏற்றுவதில் போயிற்று. ஐந்து முகம் இருந்தது, ஏற்ற வேண்டியவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். ஆறாமவர் மனம் புண்படக்கூடாது என்று இன்னொரு விளக்கு வாங்க ஆள் போனது. கிரிவலக் கூட்டத்தில் அந்த ஆள் திரும்பி வர மாலை ஆகிவிட்டது. இரண்டாம் விளக்கில் நான்கு முகம் மீந்ததால், முன்வரிசையில் இருந்தவர்களைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னார்கள். ராஜேந்திரன் முன்வரிசையில் இருந்தார்.

அடுத்த மாதம் இயக்குநரின் உரை. பயிற்சியின் அவசியம் என்பது தலைப்பு. பயிற்சி பெறாத மருத்துவர் எப்படியிருப்பார், பயிற்சி பெற்ற மருத்துவர் எப்படியிருப்பார் என்று ஒப்பிட்டுக் காலை முழுவதும் பேசினார். பிற்பகலில் உள்ளூர்ப் பள்ளி மாணவிகள் மரபணு நடனம் ஆடினார்கள். மாலையில் விருந்து. ஜம்புகுமார் தமிழ்ச் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பொழுது சாய்ந்தபின் சாப்பிடும் வழக்கம் அவர் வீட்டில் கிடையாது. வாரியத்தின் விருந்து பொழுது சாய்ந்தபிறகுதான் தொடங்கும். அவர் ஓரமாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். விருந்தில் கலந்துகொள்வதற்கும் மதிப்பெண் உண்டு என்பது அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது. ராஜேந்திரன் இரண்டு முறை பாயசம் வாங்கி அதிலும் முன்னால் போய்விட்டிருந்தார்.

மூன்றாம் பௌர்ணமி செய்முறைப் பயிற்சி. ஆளுக்குக் கொஞ்சம் தெர்மோகோல் உருண்டையும் குச்சியும் கொடுத்து, மரபணுவை உருவாக்கச் சொன்னார்கள். ஜம்புகுமார் பாடப்புத்தகத்தில் இருக்கிற கோணம் தவறாமல், ஒவ்வொரு இணையும் சரியாகப் பொருந்தும்படி பொறுமையாகச் செய்தார். மேசையில் நிறுத்தியதும் அது மெல்லச் சாய்ந்து படுத்துவிட்டது. ராஜேந்திரன் தொடை எலும்புக்குள் வைக்கிற இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து நடுவில் செருகியிருந்தார். அவருடைய மரபணு ஆள் உயரத்துக்கு நின்றது. இணைகளெல்லாம் தப்பு என்று ஜம்புகுமார் எழுந்து சொன்னார். இயக்குநர் அதைச் சுற்றிவந்து ஆட்டிப் பார்த்தார்.

"தப்பா இருக்கலாம் டாக்டர். ஆனா நிக்குது. உங்களுது சரியா இருக்கு, படுத்திருக்குது. வாரியத்துக்கு நிக்கற மரபணுதான் வேணும்," என்று சொல்லி முதல் பரிசு கொடுத்தார்.

அன்று இரவு வீட்டில் ஜம்புகுமார் அந்த இரும்புக் கம்பியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தார். சன்மதி விசிறிக்கொண்டே கேட்டாள். இளையவனுக்கு வருமா வராதா என்று அந்த அம்மா கேட்டார்களே, அதற்கு அங்கே என்ன சொன்னார்கள் என்றாள். அதைக் கேட்க மறந்துவிட்டதை அவர் அப்போதுதான் உணர்ந்தார்.

அடுத்த முறை கேட்டார். முழு ஹாலிலும் எழுந்து நின்று, கன்னியம்மாள் வீட்டுக் கதையைச் சொல்லி, ரத்தத்தை எங்கே அனுப்புவது என்று கேட்டார். பின்வரிசையில் சில மருத்துவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் அப்படி ஆளுக்கொரு கன்னியம்மாள் இருந்திருக்கவேண்டும். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கேள்வி நல்ல கேள்வி. ஆனா நாம இப்போ இருக்கறது பயிற்சிக் கட்டம். இந்தக் கட்டத்துல நோயாளி உள்ள வந்தா உங்க கவனம் நோய் மேல போயிடும், பயிற்சி கெட்டுடும். பல நாடுகள்ல பயிற்சி தோத்ததுக்கு நோயாளிங்கதான் காரணம்."

கேள்வி நல்ல கேள்வி என்று இயக்குநர் எல்லோர் முன்னாலும் சொன்னது ஜம்புகுமாருக்குப் பிடித்திருந்தது. ராஜேந்திரன் பக்கம் திரும்பிப் பார்த்தார். ராஜேந்திரன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பிறகு இயந்திரம் வந்தது. பெரிய மரப்பெட்டி. யாருடைய ஏ.சி. அறையில் வைப்பது என்று பேச்சு எழுந்தபோது ஜம்புகுமார் குழந்தைகள் பிரிவில் ஏ.சி.க்குக் கீழே ஒரு மூலையை ஒழித்துவைத்தார். பெட்டி ராஜேந்திரனின் தியேட்டருக்குப் போயிற்று. ஆணியடித்த பெட்டியைப் பொறியாளர் வந்துதான் திறக்க வேண்டும். திறப்பு விழா நடந்தபிறகுதான் பொறியாளரை அனுப்புவோம் என்று கம்பெனி சொன்னது. இயந்திரம் ஓடினால்தான் திறப்பு விழா என்று வாரியம் சொன்னது. பெட்டி இருக்கும் அறையில் ஆட்கள் புழங்கினால் குளிர்ச்சி குறையும் என்பதால் அங்கே ஆபரேஷன் செய்வதை நிறுத்தினார்கள். கால் முறிந்து வந்தவர்களை வேலூருக்கு அனுப்பிவைத்தார்கள். ஆயுதபூஜைக்குப் பெட்டிக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தார்கள். ராஜேந்திரன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கற்பூரம் காட்டினார். அவர் ஆபரேஷன் செய்து மாதக்கணக்காகிறது என்பதில் ஜம்புகுமாருக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்திருக்கவேண்டும். இல்லை. தம் பிரிவில் அந்த மூலை காலியாகக் கிடந்ததே அவர் கண்ணில் பட்டது. அங்கே அவர் வீட்டு ஏ.சி. யாருக்கும் இல்லாமல் குளிரடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு இயந்திரம் வந்தால் இடம் வேண்டும் என்று குழந்தைகளை அங்கே படுக்கவைக்க வாரியம் அனுமதிக்கவில்லை.

அதற்கடுத்த பௌர்ணமி, குடும்பத்தாருக்கு ஆலோசனை சொல்லும் பயிற்சி. மருத்துவர்களே நோயாளிகளாகவும் நடிக்க வேண்டும். ராஜேந்திரன் நர்ஸ் ஒருவரிடம் துப்பட்டா வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு, பிள்ளையைப் பறிகொடுக்கப்போகும் தாயாக உட்கார்ந்தார். ஆலோசனை சொல்லும் மருத்துவர் ஜம்புகுமார். இயக்குநரும் இரண்டு பேராசிரியர்களும் மதிப்பெண் போட உட்கார்ந்திருந்தார்கள். ராஜேந்திரன் நிஜமாகவே கண்ணீர் விட்டார். ஹாலில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

அப்போது ஜம்புகுமார் ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். கன்னியம்மாள் மூத்தவனை இடுப்பில் வைத்துக்கொண்டு காவலாளியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். காவலாளி தன் சட்டையில் வில்லை குத்தும் இடத்தைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தான். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம். ஆனால் எழுந்தால் மதிப்பெண் போகும். எதிரில் ராஜேந்திரன் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க டாக்டர்," என்று விம்மினார். ஜம்புகுமார் திரும்பி, ராஜேந்திரனுக்கு ஆறுதல் சொன்னார். மிக நன்றாகச் சொன்னார். மறுபடி ஜன்னலைப் பார்த்தபோது வாசலில் காவலாளி மட்டும் இருந்தான். சிறந்த ஆலோசனைக்கான பரிசு, அழுத ராஜேந்திரனுக்கே போயிற்று.

நிறைவு விழா நெருங்கியது. ஒரு பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் சிறப்பு விருந்தினர். அவர் முன்னால் மருத்துவர் ஒருவர், உண்மையான நோயாளியின் தாயோடு மேடையில் பேசிக் காட்ட வேண்டும் என்று வாரியம் தீர்மானித்தது. பெட்டி ராஜேந்திரனுக்குப் போனதால் மேடை வேறொருவருக்குப் போகட்டும் என்று இயக்குநர் சொன்னார். ஜம்புகுமார் கை தூக்கினார். உண்மையான நோயாளியின் தாய் அவரிடம்தான் இருந்தாள்.

கன்னியம்மாளுக்கு அவரே ஒத்திகை நடத்தினார். அவள் கேட்கவேண்டிய கேள்வியை வாரியம் எழுதிக் கொடுத்திருந்தது. மரபணு என்றால் என்ன டாக்டர்? இதைத் தெளிவாக, மைக்கைப் பார்த்துக் கேட்க வேண்டும். அவள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு தயங்கி நின்றாள்.

"இத்த கேட்டுட்டா, அத்த சொல்லுவீங்களா சார்?"

சொல்லலாம், சொல்லலாம் என்றார் ஜம்புகுமார். அவர் மனம் அப்போது ராஜேந்திரன் முன்வரிசையில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருக்கப்போகும் காட்சியில் இருந்தது.

விழா நாளில் ராஜேந்திரன் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். ஜம்புகுமார் புது வேட்டி சட்டையில் மேடை ஏறினார். கன்னியம்மாள் எதிர் நாற்காலியில் மூத்தவனை மடியில் வைத்துக்கொண்டாள். சின்னவன் மேடையின் கீழே ஓடிக்கொண்டிருந்தான். அவள் மைக்கைப் பார்த்து, ஒப்பித்தபடியே கேட்டாள். ஜம்புகுமார் மடைதிறந்த வெள்ளமாகப் பேசினார். மரபணு என்பது நம் முன்னோர் நமக்கு எழுதிவைத்த கடிதம் என்று முடித்தார். கைதட்டல் எழுந்தது. ராஜேந்திரன் கைதட்டுகிறாரா என்று பார்த்தார். தட்டினார், கொஞ்சம் கம்மியாக. பல மாதங்களாக ஜம்புகுமாருக்கு இப்படி ஒரு நிம்மதி கிடைத்ததில்லை.

கன்னியம்மாள் மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"நீங்க சொன்னாப்ல கேட்டுட்டேன் சார். சின்னவனுக்கு வருமா?"

ஒலிபெருக்கியில் அது செங்கம் சாலை வரைக்கும் கேட்டது. இயக்குநர் மேடை ஓரத்திலிருந்து கையசைத்தார். ஜம்புகுமாருக்கு ஒப்பித்துவைத்த வாக்கியங்கள் இன்னும் நிறைய மிச்சம் இருந்தன. அதில் ஒன்றை எடுத்துவிட்டால் விழா அழகாக முடிந்துவிடும். அவர் அவளைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்த அதே முகம், இப்போது ஒரு கை தூரத்தில் இருந்தது.

"தெரியாதும்மா," என்றார். "ரத்தத்தை அனுப்பிப் பாத்தாத்தான் தெரியும். நாங்க அனுப்பலை."

தூங்கிக்கொண்டிருந்த முன்னாள் துணைவேந்தர் விழித்துக்கொண்டார். அனுப்ப வேண்டியதுதானே, ஏன் அனுப்பவில்லை என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அதுவும் மைக்கில் கேட்டது. இயக்குநர் ஓடிவந்து மைக்கை வாங்கினார்.

"ஐயா அவர்கள் ஆழமான கேள்வி ஒன்றை எழுப்பியிருக்கிறார்கள். அனுப்பலாம். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனால் வாரியம் அவசரப்படாது. இந்த ஆண்டு, பரிசோதனையைப் பற்றிய பயிற்சி. அடுத்த ஆண்டு, பரிசோதனைக்கு அனுப்புவதைப் பற்றிய பயிற்சி. அதற்கும் அடுத்த ஆண்டு, முடிவு வந்தால் மருத்துவர் பதற்றப்படாமல் இருப்பதற்கான பயிற்சி. நோயாளிகள் அதற்குப் பிறகு வந்தால் போதும். எங்களிடம் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர்கூட இதுவரை ஒரு பரிசோதனையிலும் தவறு செய்ததில்லை என்பதை இந்த மேடையில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டல் முதல் கைதட்டலைவிட ஜாஸ்தியாக இருந்தது. முன்னாள் துணைவேந்தர் திருப்தியோடு தலையசைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடினார். தங்கப் பதக்கம் ராஜேந்திரனுக்குக் கிடைத்தது. பொன்னாடையும், பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு படமும். அடுத்த நாள் செய்தித்தாளில் 'திருவண்ணாமலையின் மரபணு மருத்துவர்' என்று போட்டு அந்தப் படம் வந்தது. ஜம்புகுமாருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். விருந்துகளில் ஆர்வம் குறைவு என்று அதில் ஒரு குறிப்பு இருந்தது.

பத்திரிகையைப் பார்த்த கையோடு அவர் சென்னையில் தமக்குப் பாடம் எடுத்த பேராசிரியை மதிவதனிக்கு ஃபோன் செய்தார். அவர் ஒரு ஆய்வுக்கூடத்தின் எண்ணைச் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் எடுத்த பெண், ரெண்டு பசங்க ரத்தத்தையும் ஐஸ் பெட்டியில வெச்சுக் கொண்டாந்துடுங்க சார், அவ்ளோதான் என்றாள். ஜம்புகுமார் ஃபோனை வைத்தார். இத்தனை பௌர்ணமியும் அந்த எண்ணை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் வாரியத்துக்கு வெளியே யாரையும் கேட்கவில்லை.

கன்னியம்மாளை வரச்சொல்லி இரண்டு பையன்களிடமும் ரத்தம் எடுத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவரே சென்னை பஸ்ஸில் ஏறினார். ஆள் அனுப்பியிருக்கலாம். அன்று மாலை கிளப்பில் ராஜேந்திரனுக்குப் பாராட்டுக் கூட்டம். ஊரில் இருந்தால் போகவேண்டியிருக்கும்.

முடிவு வரச் சில வாரங்கள் ஆயிற்று. வந்த தாளை அவர் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். மூத்தவனிடம் ஒரு மரபணுவின் துண்டு இல்லை. இளையவனிடம் இருந்தது. ஒருமுறை பேராசிரியையிடம் ஃபோனில் படித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டார். பிறகுதான் கன்னியம்மாளுக்கு ஆள் அனுப்பினார்.

அவள் புருஷனோடும் பையன்களோடும் வந்தாள். ஜம்புகுமார் தாளை மேசையில் விரித்துவைத்து, பெரியவனுக்கு இருக்கும் நோய் இதுதான் என்பது உறுதியாகிவிட்டது, சின்னவனுக்கு அது இல்லை, வராது என்று நிதானமாகச் சொன்னார். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து மேசைமேல் தண்ணீர் டம்ளர்கூட எடுத்துவைத்திருந்தார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். தாளைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமினான்.

"தப்பா நெனைக்காதீங்க சார். எதுக்கும் மரபணு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறோம். பேப்பர்ல போட்டிருந்தாங்களே."

ஜம்புகுமார் தாளை அவர்கள் பக்கம் நகர்த்தினார். கன்னியம்மாள் தாளை மடித்து முந்தானையில் வைத்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்தாள். வராண்டாவில் சின்னவன் ஓடும் சத்தம் எலும்புப் பிரிவு வரைக்கும் போய் நின்றது.

கொஞ்ச நேரத்தில் மேசையில் இருந்த ஃபோன் அடித்தது.

"ஜம்பு, இந்தத் தாள்ல என்னடா போட்டிருக்கு?" ராஜேந்திரனின் குரல் தாழ்ந்திருந்தது. "அவங்களை வெளிய உக்கார வெச்சிருக்கேன்."

வெகுகாலமாகக் காத்திருந்த இடம் அது. கல்லூரி நாளிலிருந்து காத்திருந்த இடம் என்றுகூடச் சொல்லலாம். தங்கப் பதக்கத்தைக் கேட்டுப் பார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடலாம். ஆனால் ராஜேந்திரன் அந்தப் பெண்ணிடம் ஏதாவது தப்பாகச் சொல்லிவைப்பாரோ, தெரியாது என்று சொல்லிவிடுவாரோ என்று தோன்றியது.

ஜம்புகுமார் வரி வரியாகச் சொன்னார். எந்த வரியில் பார்க்க வேண்டும், அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னார். சின்னவனுக்கு வராது என்று இரண்டு முறை சொன்னார்.

"லைன்லயே இருடா, ஏதாவது கேட்டா சமாளிக்கணும்," என்று ராஜேந்திரன் ஃபோனை மேசைமேல் வைத்தார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ராஜேந்திரனின் மேடைக் குரல், கனமாக, அவசரமில்லாமல்.

"நான் முழுசாப் பரிசோதிச்சுட்டேம்மா. உங்க சின்னப் பையனுக்கு இது வராது."

பிறகு கன்னியம்மாள் அழுதாள். இத்தனை வருஷம் அடக்கிவைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, வாய்விட்டு அழுதாள். நடுவில் மூத்தவன், இன்னாம்மா, தம்பிக்கு வராதுன்னுதானே சொல்றாங்க, ஏம்மா அழற என்று கேட்டான். சாமி மாதிரி சொன்னீங்க சார் என்று அவள் ராஜேந்திரனிடம் சொன்னாள்.

ஜம்புகுமாருக்கு வயிறு எரிந்தது. ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல், அவள் அழுது முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.